பிள்ளையின் உடல் எனும் அமானத்

நோய் ஒரு சோதனை என்று சொல்லி நாம் பழகியிருக்கிறோம். அது பாவங்களைக் கழுவும், பொறுமையை வளர்க்கும், அடியானை அவனுடைய இரட்சகனிடம் நெருங்கச் செய்யும் என்றெல்லாம் மிம்பரிலிருந்து கேட்கிறோம். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து நாமும் அதையே சொல்கிறோம். வளர்ந்த மனிதனைப் பொறுத்தவரை இவ்வார்த்தைகளில் ஆறுதலும் அர்த்தமும் உண்டு. ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்குக் கழுவுவதற்குப் பாவம் ஏது? மார்க்கத்தின் ஏவல் விலக்கல்கள் இன்னும் அதன் மீது கடமையாகவில்லை. தனக்கு வந்திருக்கும் நோயின் பெயர்கூட அதற்குத் தெரியாது. ஊசி குத்தினால் நோகும், வெள்ளை உடுத்தவர்கள் வந்தால் குத்துவார்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

குழந்தைக்கு இறைவன் ஏன் நோயைத் தருகிறான் என்ற கேள்வியை நான் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும் அதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதித்திருக்கிறார்கள். எனது கேள்வி அதைவிடச் சிறியது. ஆயினும் நமது கைக்கு எட்டியது. ஒரு குழந்தையை நோகச் செய்யும் உரிமை மனிதனுக்கு எப்போது உண்டு? அதைச் சுகப்படுத்துவதற்காகத்தான் என்றாலும், அந்தச் சுகம் நிச்சயமில்லாதபோது எவ்வளவு நோவு ஆகுமானது? பெற்றோர் அதற்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் எந்த அதிகாரத்தின் பேரில்?

எல்லா வைத்தியர்களும் ஏதோ ஒரு வகையில் நோகச் செய்பவர்கள்தாம். முறிந்த கையைப் பொருத்துபவரும் கட்டியைக் கீறுபவரும் பிள்ளையை அழவைக்கிறார்கள். ஆனால் அந்த நோவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். பலனும் சில நாட்களில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிறுவர்களின் குருதி நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சையளிக்கும் வைத்தியரின் நிலை அவ்வாறானதல்ல. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் கூடுதலாகக் காணப்படும் குருதிப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். என்பு மச்சையில் முதிராத வெண்குழியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. செங்குழியங்களுக்கும் குருதிச் சிறுதட்டுகளுக்கும் அங்கே இடமில்லாமற் போகிறது. பிள்ளை வெளிறிப்போகும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், முரசிலிருந்து இரத்தம் கசியும். இதற்கான சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முள்ளந்தண்டில் ஊசி ஏற்ற வேண்டும். என்பிலிருந்து மச்சையை உறிஞ்சியெடுத்துச் சோதிக்க வேண்டும். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், மருந்தே உயிருக்கு ஆபத்தாகும் நாட்களும் வரும். நோயைவிடச் சிகிச்சையே கொடுமையாகத் தெரியும் காலம் அது. அந்தக் கொடுமையைத் தன் கையால் செய்பவர் வைத்தியர்.

இந்தத் துறையின் வரலாற்றைப் படிக்கும்போது மேற்சொன்ன கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் எதிர்ப்படுகிறது. 1947 வரை இந்நோய்க்குச் சிகிச்சை என்று எதுவும் இருக்கவில்லை. நோயென்று தெரிந்ததும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வதே வழக்கம். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலையில் நோய்க்குறியியல் வைத்தியராக இருந்த சிட்னி பார்பர் என்பவர் இந்த வழக்கத்தை மீறினார். இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்வதே அவருடைய அன்றாட வேலை. அவர் உயிரோடிருக்கும் குழந்தைகளின் பக்கம் திரும்பினார்.

அவர் முதலில் கொடுத்தது போலிக்கமில வகை மருந்து. அது நோயைக் குறைக்கவில்லை. விரைவுபடுத்தியது போலத் தோன்றியது. அதிலிருந்தே அவருக்கு எதிர்த்திசையில் ஒரு யோசனை பிறந்தது. போலிக்கமிலம் இந்நோயை வளர்க்கிறதென்றால், அதைத் தடுக்கும் பொருளொன்று நோயை அடக்கக்கூடும் அல்லவா? அந்தத் தடுப்பு மருந்தை ஆக்கியளித்த லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்கா சென்றவர். 1947 டிசம்பர் கடைசியில் அமினொப்டெரின் என்ற அந்த மருந்து முதன்முதலாக ஓர் இரண்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. 1948 ஜூனில் பார்பர் தமது முடிவுகளை வெளியிட்டார். கடும் நோயுற்ற பதினாறு குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. பத்துப் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. எழுந்திருக்க முடியாமற் கிடந்த பிள்ளைகள் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், விளையாடினார்கள். ஆனால் நோய் திரும்ப வந்தது. தமது கட்டுரையின் தலைப்பிலேயே இது தற்காலிகத் தணிவுதான் என்று பார்பர் எழுதியிருந்தார். அக்கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களில் சுப்பாராவ் காலமானார்.

பார்பருடன் பணியாற்றிய சிலருக்கு இந்த முயற்சி பிடிக்கவில்லை. இறக்கப்போகும் பிள்ளைகளை அமைதியாக இறக்கவிட வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அன்றைய நிலையில் அவர்களுடைய வாதத்தில் கருணை இருந்தது. சில மாத ஆயுளுக்காக எத்தனை ஊசிகள்?

இவ்விடத்தில் எனது குடும்பத்தில் நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கிலிருந்து எங்கள் உறவுக்காரப் பிள்ளையொன்றை இந்நோய்க்காகக் கொழும்புப் பக்கம் கொண்டுவந்திருந்தார்கள். வைத்தியர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுபவர். நான் இடையில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும் வாய் திறக்கவில்லை. உம்மும்மாதான் பேசினார்.

“போதும் மகன். புள்ளைய அல்லாஹ்ட பொறுப்பில உட்டுருவம். இனியும் குத்திக் குத்தி நோகப்பண்ண வாணாம்” என்றார். நான் அதை வைத்தியரிடம் சொல்வதற்குள் அவரே மறித்து, “இல்ல மகன், ஒண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இது சுகமாகும் எண்டு தெரிஞ்சி செய்றாங்களா, இல்லாட்டிச் சும்மா செஞ்சி பாக்குறாங்களா?” என்று கேட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணி கேட்ட கேள்வியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தமது இஹ்யா உலூமித்தீனில் தவக்குல் பற்றிய பகுதியில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். தீங்கை நீக்கும் வழிகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது உறுதியானது: தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி என்பன போன்றவை. இவற்றைக் கைவிடுவது தவக்குலில் சேராது. உயிராபத்து இருக்கையில் கைவிட்டால் அது ஹராம். இரண்டாவது, பெரும்பாலும் பலிக்கும் என்று எண்ணத்தக்கது: இரத்தம் குத்தியெடுத்தல், பேதி மருந்து முதலான வைத்திய முறைகள். இவற்றைச் செய்வது தவக்குலுக்கு முரணானதல்ல; விடுவதும் தடுக்கப்பட்டதல்ல. மூன்றாவது வெறும் ஊகம்: சூடுபோடுதல் போன்றவை. இவற்றை விடுவதே தவக்குல். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் எந்தக் கயிறு கயிறு, எந்தக் கயிறு வெறும் நூல் என்று பிரித்தறியும் வழியைக் காட்டியவர் கஸ்ஸாலி எனலாம்.

கஸ்ஸாலியின் பிரிப்பை நமது கேள்வியோடு வைத்துப் பார்க்கும்போது முக்கியமான ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு சிகிச்சை எந்த வகையைச் சேர்ந்தது என்பது மாறாத ஒன்றல்ல. 1948 இல் பொஸ்டனில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று மறுத்திருந்தால், அவள் மூன்றாம் வகையை மறுத்தவள். அவளைக் குறைசொல்ல எவருக்கும் இடமில்லை. அதே மறுப்பை இன்று, மருந்தும் வைத்தியரும் உள்ள ஓரிடத்தில், அதே நோயுள்ள பிள்ளையின் தாய் சொன்னால் அவள் ஏறத்தாழ முதலாம் வகையை மறுக்கிறாள். வார்த்தை ஒன்றே, அன்பும் ஒன்றே, தீர்ப்பு மட்டும் வேறு. இடையில் என்ன நடந்தது?

இடையில் நடந்தவற்றுள் பெரும்பகுதி டொனால்ட் பிங்கல் என்ற வைத்தியரின் வாழ்க்கையோடு தொடர்புடையது. 1926 இல் நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகரில் பிறந்தவர் அவர். இளம் வைத்தியராக இராணுவத்தில் பணியாற்றியபோது இளம்பிள்ளை வாதம் தாக்கிப் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். பின்னர் பார்பரிடம் சிறிது காலம் பணியாற்றினார். லெபனான் வம்சாவழியைச் சேர்ந்த நடிகர் டெனி தோமஸ் மெம்பிஸ் நகரில் ஒரு சிறுவர் வைத்தியசாலையை நிறுவ முயன்றபோது, அதன் முதலாவது பணிப்பாளராகப் பிங்கல் பொறுப்பேற்றார். சென் ஜூட் என்ற அந்த வைத்தியசாலை 1962 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கான நிதியைத் திரட்டியவர்கள் லெபனான், சிரியா வம்சாவழி அமெரிக்கர்கள். சிகிச்சைக்குப் பெற்றோரிடம் பணம் வாங்குவதில்லை. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் இருந்தார்கள். அமெரிக்கத் தெற்கில், அதுவும் ஆறு ஆண்டுகளின் பின்னர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்படவிருந்த நகரில், அது சாதாரண விடயமல்ல.

அக்காலத்தில் பார்பரின் மருந்தோடு வேறு சில மருந்துகளும் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் நோயைச் சில மாதங்கள் அடக்கும், பிறகு தோற்கும். எனவே மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து ஆயுளை நீட்டுவதே அறிவுடைமை என்று பெரும்பாலான வைத்தியர்கள் கருதினர். சுகமாக்குதல் என்ற சொல்லைப் பயன்படுத்துவதே பெற்றோரை ஏமாற்றுவதாகும் என்றனர். பிங்கல் இதை ஏற்கவில்லை. சுகமாவதற்குத் தடையாக இருப்பவை எவை என்று அவர் கணக்கெடுத்தார்: மருந்துக்கு நோய் பழகிப்போவது, மருந்து எட்டாத மூளையுறைகளில் நோய் ஒளிந்திருப்பது, மருந்தின் நச்சுத்தன்மை, நான்காவதாக வைத்தியர்களின் அவநம்பிக்கை. அவநம்பிக்கையையும் நோயின் காரணிகளுள் ஒன்றாக அவர் சேர்த்தது கவனத்துக்குரியது.

அவர் வகுத்த முறைக்கு ‘முழுமைச் சிகிச்சை’ என்று பெயர். முதலில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நோயைத் தணித்தல். பின் அதை இறுக்குதல். பின் தலைக்குக் கதிர்ச் சிகிச்சையும் முள்ளந்தண்டில் ஊசியும். பின் இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர் மருந்து. அவர் பயன்படுத்திய மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்டீன் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சுவையான செய்தி. நமது வீட்டு முற்றங்களிலும் மையவாடி ஓரங்களிலும் தானாக முளைத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடியே அதன் மூலம். புதைகுழிகளோடு சேர்ந்து வளர்வதாலோ என்னவோ, சிங்களத்தில் அதற்கு ‘மினீ மல்’, அதாவது பிணப்பூ என்று பெயர். 

முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று ஆய்வுகள் தொடர்ந்தன. பெரும்பாலான பிள்ளைகள் இறந்தார்கள், சிலர் பிழைத்தார்கள். 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில்தான் ஏறத்தாழ அரைவாசிப் பிள்ளைகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தார்கள். கஸ்ஸாலியின் மொழியில் சொன்னால், அன்றுதான் இந்நோய் மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஏறியது. பிங்கல் 2022 இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். அதற்கு முன்னரே, சென் ஜூட்டில் 2000 இற்கும் 2007 இற்கும் இடையில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுள் 93 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர் என்ற முடிவு 2009 இல் வெளியாகியிருந்தது. ஒரு மனிதரின் தொழில் வாழ்வுக்குள் தொடங்கி, அவரது ஆயுளுக்குள்ளேயே ஒரு நோய் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது.

இது வெற்றிக் கதை. ஆனால் அறம் வெற்றியோடு திருப்திப்பட முடியாது. முதல் நான்கு ஆய்வுகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்பரின் பதினாறு பேர் இருக்கிறார்கள். அவருக்கும் முன்னர் போலிக்கமிலம் ஏற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய நோவின் மீதல்லவா பின்னால் வந்தவர்களின் சுகம் கட்டப்பட்டது? பின்னால் வரும் ஆயிரம் பேருக்காக முன்னால் நிற்கும் ஒரு பிள்ளையை நோகச் செய்யலாமா?

ஜும்ஆ நாட்களில் நாம் ஓதிவரும் ஸூரா கஹ்பில் மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் சேர்ந்து சென்ற பயணம் வருகிறது. ஹிழ்ர் ஒரு சிறுவனின் உயிரை எடுக்கிறார். மூஸா நபி பொறுக்கமாட்டாமல் கண்டிக்கிறார். பின்னால் நடக்கவிருப்பதை ஹிழ்ர் அறிந்திருந்தார். அந்த அறிவு அவருக்கு இறைவன் தந்தது. தன் விருப்பத்தால் அதைச் செய்யவில்லை என்றும் அவரே சொல்கிறார். நான் விளங்கிக்கொண்டவரை, அந்த அறிவு கொடுக்கப்படாத எல்லோருக்கும் மூஸா நபியின் கண்டனமே சட்டம். எந்த வைத்தியரும் ஹிழ்ர் அல்லர். நாளை ஆயிரம் பிள்ளைகள் சுகமாவார்கள் என்பது 1948 இல் பார்பருக்கோ 1962 இல் பிங்கலுக்கோ தெரியாது. தெரியாத நாளையைக் காட்டி இன்றைய பிள்ளையை நோகச் செய்ய அவர்களுக்கு உரிமையில்லை.

அப்படியானால் அவர்கள் செய்தது தவறா? இதற்கு நமது பிக்ஹில் உள்ள ஒரு சட்டம் வழிகாட்டும் என்று நான் கருதுகிறேன். யதீமின் சொத்தைப் பராமரிக்கும் வலீ அதை வியாபாரத்தில் ஈடுபடுத்தலாம். வியாபாரத்தில் நட்டம் வரக்கூடும். ஆயினும் யதீமின் நலனை நாடிக் கவனமாகச் செய்தால் அது ஆகுமானது. ஆனால் அதே சொத்திலிருந்து ஒரு சதத்தையேனும் தர்மமாகக் கொடுக்க அவனுக்கு அதிகாரமில்லை. தர்மம் எவ்வளவு உயர்ந்த அமலாக இருந்தாலும் சரியே. அவனுடைய சொந்தச் சொத்தாயின் முழுவதையும் கொடுத்துவிடலாம். இது அமானத்.

பிள்ளையின் உடலும் அவ்வாறான அமானத்தே. அப்பிள்ளையின் நலனுக்காக, அது பிழைக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்போடு, ஆபத்தான சிகிச்சையைச் செய்வது வலீயின் வியாபாரத்தைப் போன்றது. நட்டம் வரலாம், ஆயினும் அது துரோகமல்ல. ஆனால் இப்பிள்ளைக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை, வேறு பிள்ளைகளுக்கு உதவும் என்று தெரிந்தே அதை நோகச் செய்வது யதீமின் சொத்தைத் தர்மம் பண்ணுவதைப் போன்றது. கொடுப்பவன் புகழ் பெறுவான், கொடுத்தது அவனுடையதல்ல.

பிங்கல் ‘சுகமாக்குதல்’ என்ற சொல்லை விடாமற் பிடித்திருந்ததன் முக்கியத்துவத்தை இந்தக் கோணத்திலிருந்தே நான் விளங்கிக்கொள்கிறேன். கட்டிலில் கிடக்கும் இந்தப் பிள்ளையே பிழைக்க வேண்டும் என்று நோக்கம் வைத்தவர் அமானத்தை அதன் உரிமையாளருக்காகப் பயன்படுத்துகிறார். இந்தப் பிள்ளை எப்படியும் போய்விடும், கற்றுக்கொள்வோம் என்று நோக்கம் வைத்தவர் அதே ஊசியை, அதே அளவில், அதே கையால் ஏற்றினாலும் அவருடைய செயல் வேறு. நிய்யத்தைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் அடைந்த பலன் அந்த வியாபாரத்தின் பரக்கத். அது வியாபாரத்துக்கான காரணமாக இருந்திருக்க முடியாது.

இதே அளவுகோல் மறுபக்கமும் அளக்கும். இரண்டாம் வகைச் சிகிச்சையை விடுவது தடுக்கப்பட்டதல்ல என்று கஸ்ஸாலி சொல்வது தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் மனிதனைக் குறித்து. ஒருவர் தமது நோய்க்கு மருந்து வேண்டாம் என்று இறைவனை நம்பியிருக்கலாம். அது அவருடைய மகாம். ஆனால் பிள்ளைக்காக ஒரு தகப்பன் அந்த முடிவை எடுக்கும்போது அவன் பிள்ளையின் கணக்கிலிருந்து தன் இறைநம்பிக்கைக்குச் செலவு செய்கிறான். வலீ தனது பொருளைக் கொடுத்து ஸாலிஹாகலாம். யதீமின் பொருளைக் கொடுத்து ஆக முடியாது. பிறருடைய உடலைக் கொண்டு நாம் தவக்குல் வைக்க இயலாது. ஆகவே வைத்தியர், பெற்றோர் என்ற இருசாராரும் ஒரே தடைக்குக் கட்டுப்பட்டவர்கள். அறிவுக்காகவும் பிள்ளையைச் செலவிடக்கூடாது, பக்திக்காகவும் செலவிடக்கூடாது.

எங்கள் உம்மும்மா கேட்ட கேள்விக்கு அந்த வைத்தியர் நேரடியாகவே பதில் சொன்னார். இந்த வகை நோயுள்ள பிள்ளைகளில் கூடுதலானோர் சுகமாகிறார்கள். இந்தப் பிள்ளை சுகமாகும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காகச் செய்யவில்லை என்றார். உம்மும்மா சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப செய்யட்டும்” என்றார். பிள்ளைக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதை நான் வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. பிள்ளை பிழைத்ததென்றால் முடிவு சரியென்றும், மௌத்தானதென்றால் பிழையென்றும் வாசகர் எண்ணக்கூடும். அந்த முடிவு அன்று அவருக்குத் தெரிந்ததைக் கொண்டு எடுக்கப்பட்டது. அன்று தெரிந்ததைக் கொண்டே அதன் சரி பிழையைப் பார்க்க வேண்டும்.

வைத்தியரின் கடமை பிள்ளை சுகமாவதோடு முடிந்துவிடுவதுமில்லை. பிங்கலின் வெற்றியில் தலைக்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சைக்குப் பெரும் பங்கு இருந்தது. அதே கதிர்கள் பிழைத்த பிள்ளைகள் சிலரின் கற்கும் ஆற்றலைப் பாதித்தன. வளர்ச்சியைக் குன்றச் செய்தன. சிலருக்குப் பின்னாளில் மூளையில் வேறு கட்டிகள் தோன்றின. ஆகவே அடுத்த தலைமுறை வைத்தியர்கள் முன்னோரின் வெற்றியையே கேள்விக்குள்ளாக்க வேண்டியதாயிற்று. ஹொங்கொங்கில் பிறந்த சிங்-ஹொன் புயி என்பவரின் தலைமையில், நான் மேலே குறிப்பிட்ட 2000 - 2007 ஆய்வில், முன்தடுப்பாகத் தலைக்குக் கதிர் கொடுப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் முற்றாக நிறுத்தப்பட்டது. அதன் பின்பும் 93 வீதம். எவ்வளவு நோவு தேவை என்பதைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்து, தேவைக்கு மேற்பட்டதைக் கைவிடுவதும் அமானத்தைச் சேர்ந்ததே.

பிங்கலின் வாழ்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மெம்பிஸின் ஏழைக் கறுப்பின மக்களிடையே குழந்தைகள் போசாக்கின்றி நலிவதை அவர் கண்டார். அவருடைய வைத்தியசாலை அக்குழந்தைகளுக்கு உணவும் பால்மாவும் கிடைக்கச் செய்யும் திட்டத்தில் இறங்கியது. குருதிப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சி நிலையத்துக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். கஸ்ஸாலி முதலாம் வகைக்குச் சொன்ன உதாரணத்தை நினைவுபடுத்திக்கொள்வோம்: பசிக்கு ரொட்டி. நிச்சயமான மருந்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, நிச்சயமற்ற மருந்தைத் தேடிப் புகழ் பெறுவது முறையல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி நமது காலத்துக்கு வருவோம். ஒரு சிகிச்சை எந்த வகையில் சேரும் என்பது காலத்தை மட்டுமன்றி இடத்தையும் பொறுத்தது. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த சிறுவர்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் சுகமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 வீதத்துக்கும் குறைவானோரே பிழைக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2030 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் குறைந்தது 60 வீதமானோரையேனும் காப்பாற்ற வேண்டும் என்ற இலக்கை அது 2018 இல் அறிவித்தது. மருந்து அதேதான், பட்டிப்பூவும் எங்கும் பூக்கிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு உறுதியானது இன்னொரு பிள்ளைக்கு வெறும் ஊகமாக இருக்கிறது.

ஏறியது இறங்கவும் கூடும். 2022 இல் நமது நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. 2023 நவம்பரில், காஸாவில் புற்றுநோய்ச் சிறுவர்களுக்குச் சிகிச்சையளித்துவந்த அல்-ரன்தீஸி சிறுவர் வைத்தியசாலையிலிருந்து எல்லோரும் வெளியேற நேர்ந்தது. இரண்டாண்டுச் சிகிச்சையின் நடுவில் நின்ற பிள்ளைக்கு அதன் பொருள் என்ன? நேற்றுவரை தண்ணீரைப் போல் கையிலிருந்தது இன்று கானல் நீராயிற்று. குண்டு விழாமலேயே அப்பிள்ளை கொல்லப்படலாம்.

ஆகவே தவக்குல் பற்றிப் பேசும் நாம் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். தன் பிள்ளையை மறுப்பதா, சம்மதிப்பதா என்று தடுமாறும் தாய்க்கு முன்னால் மூன்று கதவுகளில் எது திறந்திருக்கிறது என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. அதைச் சமூகம் தீர்மானிக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பல இனத்தவரும் சேர்ந்து நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்கென்று நிதி சேர்த்தார்கள். நடந்தவர்களுள் எத்தனை பேர் கஸ்ஸாலியைக் கேள்விப்பட்டிருப்பார்களோ தெரியாது. ஆனால் வடக்கிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கும் வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள். நமது ஊர்களில் பள்ளிவாசல் மினாராக்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. ஸகாத், ஸதகா நிதிகளில் எவ்வளவு பங்கு, தொலைவிலிருந்து பிள்ளையோடு வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் தாய்மாருக்குச் செல்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறும் பெற்றோர் எல்லோரும் தவக்குல் வைத்துப் போவதில்லை. கையிலிருந்த காசு முடிந்து போகிறார்கள்.

முன்னால் சென்ற அந்தப் பிள்ளைகளின் கடனை எவ்வாறு தீர்ப்பது? அவர்கள் தர்மம் கொடுக்கவில்லை. கொடுக்கும் வயது அவர்களுக்கு இருக்கவில்லை. தாம் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே நோவைச் சகித்தார்கள், அல்லது சகிக்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைக்காமற்போனது பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. உரிமையாளர் இல்லாமல் நம் கையில் வந்து சேர்ந்த பொருளை என்ன செய்ய வேண்டும் என்று மார்க்கம் சொல்லித்தான் இருக்கிறது. அதை வைத்திருந்து அனுபவிக்க நமக்கு அனுமதியில்லை. தேவையுள்ளவரிடம் சேர்த்துவிட வேண்டும். அவர்களின் நோவால் விளைந்த அறிவும் அத்தகையதே. அது எட்டாத ஒரு பிள்ளை இன்னும் இருக்கும்வரை, அது மெம்பிஸில் இருந்தாலும் காஸாவில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும், அந்தக் கடன் நம் தலைமீதிருக்கிறது.